முறிப்பு ஊசி

கடைசி வரிசையில் முறிப்பு மருந்தை விட்டு முடித்து, தட்டை இயந்திரத்துக்குள் தள்ளும்போது அவளுடைய வெள்ளை அங்கியின் பையில் போன் துடித்தது. கையுறையோடு போனைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். சட்டம் போட்டவளே அவள்தான். துடிக்கட்டும் என்று விட்டாள். நின்றது, மறுபடி துடித்தது. அண்ணனாகத்தான் இருக்கும். அந்தப் பிடிவாதம் வேறு யாருக்கும் கிடையாது.

திரையில் எண்கள் வந்தன. முதல் வரிசைக் குழிகளில் மார்ஃபின். அங்கே இருந்த செல்கள் நன்றாக ஒளிர்ந்திருந்தன. இரண்டாவது வரிசையிலும் அதே மார்ஃபின்தான், ஆனால் அது வேலை செய்ய வேண்டிய ஏற்பி அந்தச் செல்களில் கிடையாது. அங்கே இருட்டு. மூன்றாவது வரிசையில் மார்ஃபின் விட்டு, அதன் மேலேயே முறிப்பு மருந்தையும் விட்டிருந்தாள். ஒளிர ஆரம்பித்த செல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அவள் பிழைப்பே இந்த மூன்று வரிசைதான். வலியைக் குறைக்கும் மருந்து உடம்பில் எங்கே போய் ஒட்டுமோ அந்த ஏற்பிக்கான மரபணுவை, அது இல்லாத ஒரு சாதாரணச் செல்லுக்குள் நுழைக்க வேண்டும். ஏற்பி செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்க வேண்டும். மருந்து வந்து ஒட்டினால் உள்ளே வெளிச்சம் வருகிற மாதிரி இன்னொரு மரபணுவையும் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்ததில் பெரும்பாலானவை மக்கர் பண்ணின. ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஒரு செல்லைத் தேடிப் பிடித்துப் பெருக்கிய வம்சம்தான் இப்போது அந்தத் தட்டில் இருப்பது. வலிக்குப் புது மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று யார் வந்தாலும் அவளுடைய செல்கள்மேல் ஒரு சொட்டு விட்டுத்தான் ஆக வேண்டும். ஒளிர்ந்தால் மேலே பேசலாம். ஒளிராவிட்டால் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒளிர்ந்துவிட்டால் மட்டும் அவள் நம்பிவிடுவாளா என்ன? ஏற்பி இல்லாத செல் சும்மா இருக்கிறதா, முறிப்பு மருந்து விட்டால் வெளிச்சம் போகிறதா, இரண்டையும் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டிலும் இதே கதைதான். பால் திரிந்துவிட்டது என்றால் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக் காய்ச்சிப் பார்ப்பாள், குற்றம் பாலிலா பாத்திரத்திலா என்று. அம்மா அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தது அந்தப் பால் விவகாரத்துக்கு அப்புறம்தான்.

அம்மா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கிளட்ச் பழகியவர்கள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கண்ணுக்குத் தெரியாத பிள்ளைங்கள வளக்குறா. அதுங்களுக்கு வேளா வேளைக்குச் சோறு. எனக்கு ஒரு போன் கிடையாது" என்பாள். ஆனால் ஒருநாள் உட்காரவைத்து விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டாள். முறிப்பு மருந்து என்ன செய்யும் என்று இவள் தொடங்கியதுமே, "நிறுத்து. புரிஞ்சுபோச்சு. பயிற்சி வண்டியில என் கால்கிட்ட இன்னொரு பிரேக் இருக்குல்ல, அதுதானே? பக்கத்துல இருக்கிறவன் ஆக்ஸிலரேட்டர என்ன மிதி மிதிச்சாலும் நான் கால வெச்சா வண்டி நிக்கும். அப்ப உன் முறிப்பு மருந்து என் கால்" என்றாள். கொஞ்சம் பிசகுதான் என்றாலும் திருத்த மனசு வரவில்லை. அன்றிலிருந்து லேபில் அவளை அறியாமலே அந்தக் குப்பிக்கு 'அம்மா கால்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த அம்மாதான் இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லியாகிவிட்டது.

விடிகாலையில் வலி ஏறியபோது அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்து, வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மார்ஃபினைக் கூட்டிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் இளகியது. வியர்வை அடங்கியது. கண் சொருகுவதற்கு முன்னால் மகளைப் பார்த்து, "இங்க உக்காந்து என்னத்த வெறிச்சுப் பாக்குற? போய் அதுங்களுக்குச் சோறு போட்டுட்டு வா" என்றாள். போகாவிட்டால் எழுந்து உட்கார்ந்து திட்டுவாள் போலிருந்தது. நர்ஸும், "போயிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள். அதனால்தான் வந்தாள். வந்த இடத்தில் கை தானாக ஒரு தட்டையும் அடுக்கிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத கை.

கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தாள்.

"எங்கடி போன?" அண்ணனின் குரல் உடைந்திருந்தது. "நான் வந்துட்டேன். அம்மா கண்ணத் திறக்க மாட்டேங்குது."

"தூங்குறாண்ணா. இப்ப வரேன்."

"தூக்கமில்ல இது. நீங்க குடுத்த மருந்து. அத முறிக்க ஒரு ஊசி இருக்காமே? போட்டா உடனே முழிச்சுக்குவாங்களாமே? ரயில்ல வரும்போதே எல்லாம் படிச்சிட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நீ வந்து சரின்னு சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை முழுக்க இருட்டியிருந்தது.

"நான் வர்ற வரைக்கும் யாரும் எதுவும் போடக்கூடாது," என்று சொல்லிவிட்டு அங்கியோடு படி இறங்கினாள்.

தெருவில் ஏதோ பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டிருந்தது. பைகளும் கூச்சலுமாகப் பிள்ளைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குள் புகுந்து புகுந்து நடந்தாள். கோபம் கோபமாக வந்தது. மாதக்கணக்கில் வா வா என்று கூப்பிட்டபோதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றவன் அவன். பிறந்ததே சொன்ன தேதி தாண்டி என்று அம்மா அவனுக்கு வைத்த பெயர் லேட்டு. இன்றைக்கும் பேரைக் காப்பாற்றிவிட்டான். இப்போது வந்து அம்மாவை எழுப்பு என்கிறான்!

அறை வாசலிலேயே நின்றிருந்தான் அண்ணன். தோளில் பயணப் பை அப்படியே தொங்கியது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் வழியெல்லாம் சேர்த்துவைத்த திட்டு எங்கேயோ போய்விட்டது.

"பைய இறக்கி வைண்ணா."

"நீ சரின்னு சொல்லு. வெச்சிடுறேன்."

உள்ளே டாக்டர் அம்மாவின் கட்டில் பக்கம் நின்று மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவயது. இவளும் அம்மாவிடம் கார் ஓட்டப் பழகியவள்தான். "அந்தப் பொண்ணுக்குக் கிளட்ச்சு ஜென்மத்துக்கும் வராது. ஆனா ஊசி போட்டா வலியே தெரியல" என்று அம்மா போன வாரம்தான் சர்ட்டிபிகேட் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் கேக்குறாரு. உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன்," என்றாள் டாக்டர். "போட முடியும். துளித்துளியாப் போட்டா மேடம் கண்ணத் திறக்கலாம். திறக்காமலும் போகலாம். இது மருந்துத் தூக்கமா, கடைசித் தூக்கமான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. ஆனா முழிப்பு வந்தா வலியும் வரும். அப்புறம் மறுபடி மார்ஃபின் போட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு அது பிடிக்காது. நானா இதைப் போட மாட்டேன். ஆனா மேடம் தெளிவா இருந்தப்ப, எதா இருந்தாலும் இன்ஸ்பெக்டரக் கேட்டுக்கோன்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க சொல்லுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தான். டாக்டர் அவளைப் பார்த்தாள். நர்ஸ் ஜன்னல் திரையைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேயே நின்றாள்.

அம்மா படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு வந்த மாதிரி அடுத்த மூச்சு வந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. இத்தனை வாரத்தில் அந்த நெற்றியை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

மருந்துத் தூக்கமா, கடைசித் தூக்கமா? இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவள் ஒரு நிமிஷமும் யோசிப்பதில்லை. முறிப்பு மருந்தில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். வருஷக்கணக்காக அதைத்தானே செய்கிறாள்! விரல் நுனி வரைக்கும் அரித்தது. ஒரு துளி, ஒரே ஒரு துளி. அது மட்டுமில்லை. அவளுக்கும் ஆசையாக இருந்தது. அம்மா கண்ணைத் திறந்து, "என்ன இன்ஸ்பெக்டர், அதுங்க சாப்பிட்டுச்சா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்து, சரி என்கிற வார்த்தையாகவே நாக்கில் நின்றது. அதை உணர்ந்தபோது அவளுக்குப் பயமாகிவிட்டது.

"வேண்டாம்," என்றாள்.

"ஏன்?"

"வலி கொஞ்சம் கொஞ்சமா வராதுண்ணா. மருந்து பிடிச்சிட்டிருக்கிற ஒவ்வொரு இடத்திலேர்ந்தும் அதத் தள்ளி விட்டுட்டு, இந்த ஊசி அந்த இடத்தப் பிடிச்சுக்கும். காலையிலேர்ந்து அடக்கி வெச்ச வலி மொத்தமும் ஒண்ணா வரும். நான் தினம் பாக்குறேன். இப்பக்கூடப் பாத்துட்டுத்தான் வரேன்."

"எதுல பாத்த?" அண்ணன் பையைக் கீழே எறிந்தான். "உன் தட்டுலயா? உன் செல்லு கத்துமாடி? அழுமா? வெளிச்சம் போடும், அணையும், அவ்வளவுதானே? அதுக்குப் புள்ள இருக்கா? புள்ளகிட்ட பேசணும்னு அதுக்கு இருக்குமா? அதப் பாத்துட்டு வந்து அம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்றியே!"

நர்ஸ் திரையை விட்டுவிட்டாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று தங்கைக்குத் தெரியும். அவள் வளர்க்கும் செல்களில் ஏற்பி உண்டு, வெளிச்சம் உண்டு, வேறு எதுவும் கிடையாது. அவளே பார்த்துப் பார்த்து வேண்டாததையெல்லாம் ஒதுக்கி எடுத்த செல்கள்.

"இல்லண்ணா. அதுக்கு எதுவுமே கிடையாது. வலிகூடக் கிடையாது. அதனாலதான் அதுமேல விடுறேன். இவமேல விட மாட்டேன்."

"அஞ்சு நிமிஷம்டி. அஞ்சே நிமிஷம்."

"அந்த அஞ்சு நிமிஷமும் அவ உன்கூடப் பேச மாட்டா. கம்பியப் பிடிச்சிட்டுக் கத்துவா. நீ காலையில இங்க இல்ல. நான் இருந்தேன்."

"நீ இருந்த! எப்பவும் நீதான் இருந்த! உனக்கு எல்லாம் பேசியாச்சு. எனக்கு?"

"எனக்கு மட்டும் என்ன பேசிட்டா? போய் அதுங்களுக்குச் சோறு போட்டுட்டு வான்னா. விரட்டித்தான் விட்டா. அதுதான் கடைசி." அவள் குரலும் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று மேலே பேசினாள். "எனக்கும் முழிக்கணும்னு இருக்கு. நீ கேக்குறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. மருந்தாலதான் தூங்குறாளான்னு தெரிஞ்சுக்கணும்னு வேற இருக்கு, பழக்கதோஷம். தெரியாமலே இருந்துட்டுப் போறேன். வேண்டாம்னா வேண்டாம்."

பிறகு டாக்டரிடம் திரும்பி, "போடாதீங்க. நான் சொல்றேன்," என்றாள். டாக்டர் தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது வெளிப்படையாகவே தெரிந்தது. நர்ஸைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்றான். அழுதான். சத்தமில்லாமல் அழ அவனுக்கு எப்போதுமே வராது. மூக்கை உறிஞ்சி, இருமி, ஊரைக் கூட்டி அழுகிறவன். அவள் தடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பாதி குடித்து, மீதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உன்மேல கோபமில்ல," என்றான்.

"இருந்தாலும் பரவால்ல."

"கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

அவன் எறிந்த பையை அவளே எடுத்து மேசைக்குக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வண்டி ஒன்று பின்னால் போகத் தெரியாமல் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா விழித்திருந்தால் இந்நேரம் ஜன்னல் வழியாக ஒரு அதட்டல் போயிருக்கும் என்று இருவருக்குமே தோன்றியது. அவன்தான் முதலில் சிரித்தான்.

"ஒண்ணு சொல்லணும் அவகிட்ட," என்றான். "அதுக்குத்தான் இவ்வளவும்."

"சொல்லேன்."

"கேக்குமா?"

அவளிடம் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சுலபமாகத் தப்பித்ததில்லை. எதை வைத்துச் சொல்வது? யார் பார்த்திருக்கிறார்கள்? தூங்குகிறவள் காதில் விழுந்ததா என்று எந்தத் தட்டில் அடுக்கிப் பார்ப்பது? அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"கேக்கும்," என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கமாகப் போய்க் குனிந்தான்.

"அங்க வேண்டாம்ணா. அந்தக் காது போன வருஷமே போயிடுச்சு."

"காது போச்சா? எனக்குச் சொல்லவே இல்லயே!"

"சொல்லக்கூடாதுன்னுட்டா. லேட்டு போன்ல பேசும்போது காது கேக்கலன்னா ரெண்டு தரம் சொல்லச் சொல்லணும், அவனே பேசுறது கம்மின்னு சொன்னா. உன் போன் வந்தா இந்தக் காதுலதான் வெச்சுப்பா. இப்பிடி வா."

இத்தனை நாளும் அவள் உட்கார்ந்திருந்த இடம் அது. விலகிக் கட்டிலின் கால்பக்கம் போய் நின்றுகொண்டாள். அவன் வந்து உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் தலையணையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டான்.

"அம்மா. நான்தான். லேட்டாயிடுச்சு." இன்னும் காதருகே குனிந்தான். "அம்மா, நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஊருக்கே சொல்லிக்கொடுத்த அம்மா தோற்றுப்போனது இவன் ஒருத்தனிடம்தான். மூன்றாவது நாளே நடுரோட்டில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனவன், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எதைப் பற்றியும் விடாமல் பேசுகிறவள் பேசாத ஒரே விஷயம் அது.

"வேற ஒருத்தர்கிட்டம்மா. திட்டாத. ஒரு வயசானவரு, உன் அளவுக்குக் கத்த மாட்டாரு. லைசென்ஸும் வாங்கிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வராமலே தள்ளிப் போட்டேன். வந்தா எப்படியும் உளறிடுவேன்னு பயம். நீ சொன்னதத்தாம்மா அவரும் சொன்னாரு. கண்ணாடியப் பாரு, ரோட்டப் பாரு, உன் காலப் பாக்காத. அவரு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்சம் அழுதேன். அந்த மனுஷன் பயந்துட்டாரு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. போர்வைக்கு மேலாக அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கழுதை இதற்காகவா வராமல் இருந்தான்!

"போன வாரம் பூரா ஆபீசுக்கு நானே ஓட்டிட்டுப் போனேன். எங்க தெரு ரொம்பக் குறுகல். திருப்புறதுக்கு இடமே இருக்காது. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் பூத்தொட்டியா அடுக்கி வெச்சிருப்பாங்க. அதுல ரிவர்ஸ் எடுக்கணும். மொத நாள் ஒரு தொட்டி காலி..."

போர்வை ஏறி இறங்கியது. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். இடைவெளி நீண்டுகொண்டேதான் வந்திருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நெற்றி அப்படியே வழவழவென்று இருந்தது. போர்வை ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"...ரெண்டாவது நாள் உன்ன நெனச்சுக்கிட்டேன். நீ பக்கத்துல உக்காந்திருக்க, கால் பிரேக்குல இருக்கு, எதுன்னாலும் நீ நிறுத்திடுவன்னு. மெதுவாத்தான் விட்டேன். ஸ்டியரிங்க ஒடிச்சேன். ஒரே மூச்சுல..."

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அவள் போர்வையிலிருந்து கையை எடுக்காமல், மற்றக் கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினாள். நர்ஸ் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு அசைந்ததில் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான். நன்றாக இருந்த அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்தான். முகத்தில், சின்னப் பையனாக மார்க் ஷீட்டோடு வந்து நிற்கும்போது இருந்த அதே பூரிப்பு.

"அப்புறம்?" என்று கேட்டாள் அவள். "திரும்பிடுச்சா வண்டி?"